இரவல் பிள்ளைகளும் எங்கள் குடும்ப டிக்கெட்டும்

போன மாதம் நிவேதா போன் செய்தாள். காற்பந்துக் கிளப்பில் நான் பார்த்த டிக்கெட் வேலையை இப்போது பார்க்கிற பிள்ளை அவள். வேலை அதே வேலை என்று பேர்தானே தவிர, கவுண்டர் இல்லை, கல்லாப்பெட்டி இல்லை, சில்லறைச் சண்டை இல்லை. எல்லாம் ஆப். கொடுத்து வைத்தவள், ஆட்ட நாளில் மழையில் நனையாமல் வேலை பார்க்கிறாள்.

“ஆன்ட்டி, ஒரு டவுட் லா,” என்றாள். “மத்த கிளப் எல்லாம் ஃபேமிலி பேக்கேஜ்னு விக்கிறாங்க. ரெண்டு பெரியவங்க, ரெண்டு பிள்ளைங்க, ஒரே விலை. நம்ம ஆப்புல மட்டும் அது இல்ல. பிள்ளைங்களுக்கு மட்டும்தான் மலிவு, அதுவும் ஒரு பெரியவர் கூட வந்தாத்தான். புது மேனேஜர் ஏன்னு கேக்கிறாரு. ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியல.”

“நாமளும் ஃபேமிலி டிக்கெட் வித்தோம்மா. வித்து நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டோம்.”

“ஐயோ, என்னாச்சு?”

“அது போன்ல சொல்ற கதை இல்ல. எழுதி அனுப்புறேன்.”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அன்றிலிருந்து அவள் நச்சரிப்பு தாங்கவில்லை. சரி, எழுதித் தொலைக்கிறேன்.

நான் கிள்ளான்காரி. வேலைக்குச் சேர்ந்தபோது காற்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், என் அண்ணன்மார் தோற்றுவிட்டு வந்தால் வீட்டில் சோறு சாப்பிட மாட்டார்கள் என்பது மட்டும்தான். கிளார்க் வேலை என்று கூப்பிட்டார்கள், போனால் டிக்கெட் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். கிள்ளானிலிருந்து கொமியூட்டர் ரயிலில் போய், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் இறங்கி, பஸ் பிடித்து, ஆட்ட நாளில் மதியமே போய்ச் சேர வேண்டும். கள்ள நோட்டைத் தடவிக் கண்டுபிடிக்கவும், டிக்கெட் கட்டைப் பெருவிரலால் தள்ளிப் பிரிக்கவும், “நாளைக்குத் தரேன் லா அக்கா” என்று வருகிறவர்களைச் சிரித்த முகமாகவே விரட்டவும் பழகிக்கொண்டேன். பயிற்சிக் காலம் என்று சொல்ல அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கவுண்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கண்ணாடி முழுக்க விளம்பரம் ஒட்டியிருக்கும். கீழே அரை வட்டமாக ஓர் ஓட்டை. அதன் வழியாகத்தான் காசு வரும், டிக்கெட் போகும். உட்கார்ந்திருக்கிற எனக்கு வாங்குகிறவரின் முகம் தெரியாது, கை மட்டும்தான் தெரியும். கிரீஸ் படிந்த கை, மோதிரக் கை, கச்சாங் கடலை தின்று உப்பு ஒட்டிய கை என்று வருடக்கணக்கில் கைகளுக்கே டிக்கெட் விற்றேன். பிள்ளைகள் மட்டும் வேறு. அந்த ஓட்டை இருந்த உயரம் பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம் இருக்கிற உயரம். அப்பாவோடு வந்த பிள்ளை உள்ளே எட்டிப் பார்த்து என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

அதனால் என்ன ஆகும் என்றால், மேலே இருந்து ஓர் ஆண் குரல் “நாலு பேருக்கு எவ்வளவு?” என்று கேட்கும். சொல்வேன். கை நோட்டை எண்ணிப் பார்க்கும். பிறகு, “பரவால்ல அக்கா, அடுத்த மேட்சுக்கு வரோம்,” என்று விலகிவிடும். கை போன பிறகும் அந்தச் சின்ன முகம் ஓட்டையிலேயே நிற்கும், அப்பா வந்து இழுக்கிற வரை. அதைப் பார்க்க எனக்கு ஆகவே ஆகாது.  உள்ளே கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு பிளாக் முழுக்க நாற்காலி காலியாகக் கிடக்கிறது, வெளியே பிள்ளை அழுதுகொண்டு போகிறது. இது என்ன நியாயம் என்று எனக்கு நானே புலம்புவேன்.

எங்கள் டிக்கெட் பகுதிக்கு மேலாளர் மிஸ்டர் கனகரத்தினம். எங்களுக்குள் அவரைப் ‘பெரியவர்’ என்போம். யாழ்ப்பாணத்து வம்சம். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டில் இருக்கப் பிடிக்காமல் கிளப்புக்கு வந்தவர். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான், கையை மடித்து விட்டு நான் பார்த்ததில்லை. எங்களையெல்லாம் ‘நீர்’, ‘உமக்கு’ என்றுதான் பேசுவார். அவர் குரல் உயர்ந்தால் நாங்கள் கவலைப்பட மாட்டோம். குரல் இறங்கினால்தான் பயம்.

அவருக்கு ஒரு வழக்கம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கவுண்டர் திறந்ததும் அவரும் வரிசையில் நின்று, காசு கொடுத்து ஒரு டிக்கெட் வாங்குவார். மேலாளருக்கு எதற்கு டிக்கெட்? அதைக் கொண்டுபோய் வாசலில் நிற்கும் ரஹ்மானிடம் நீட்டி, கிழிக்கச் சொல்லி, அதன் பிறகுதான் உள்ளே காலை வைப்பார். “வாசல் எண்டா எல்லாருக்கும் வாசல்தான், கமலா,” என்பார். அவரைப் பார்த்துத்தான் ஓசி டிக்கெட் கேட்கிற சொந்தக்காரர்களிடம் ‘இல்லை’ சொல்ல எனக்கு வாய் வந்தது. என் மாமியாருக்கே இல்லை என்று சொன்னேன். அந்தத் தீபாவளி முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. நிம்மதியான தீபாவளி அது.

அப்பேர்ப்பட்ட மனிதரிடம் போய், “சார், பிள்ளை குட்டியோட வர்றவங்களுக்கு விலையைக் குறைக்கணும்,” என்று ஆரம்பித்தேன். முதல் நாள் ‘ம்’ என்றார். அடுத்த வாரம் மறுபடியும் போய் நின்றேன். அதற்கடுத்த வாரமும்.

“கமலா, நீர் இஞ்ச வேலை செய்ய வந்தனீரா, வழக்காட வந்தனீரா?”

“ரெண்டுக்கும் ஒரே சம்பளம்தானே சார்.”

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். ஒரு நாள் அம்மி நகர்ந்தது. அவரே கமிட்டியில் பேசி, கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த அந்தக் காலி பிளாக்கைக் குடும்பங்களுக்கு ஒதுக்க வைத்தார். குடும்ப டிக்கெட் என்றால் இரண்டு பெரியவர்கள், கூடவே ஒரு பிள்ளையாவது இருக்க வேண்டும், இரண்டு வரை போகலாம். நாங்கள் நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து விலை போட்டோம். மலிவாக இருக்க வேண்டும் என்ற ஆசையில், இரண்டு பெரியவர்கள் தனித்தனியாக வாங்கினால் ஆகிற விலையைவிடக் குறைத்தே போட்டுவிட்டோம். எங்களை நாங்களே தட்டிக் கொடுத்துக்கொண்டோம்.

முதல் ஆட்டத்தன்று எனக்குக் கவுண்டரில் இருப்பே கொள்ளவில்லை. ஆட்டம் தொடங்கியதும் கூட இருந்தவளிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடிப் பார்த்தேன். அடேயப்பா! தயிர்சாதப் பொட்டலம் என்ன, பால் புட்டி என்ன, நாற்காலியில் ஏறி நின்று ஆடுகிற வாண்டுகள் என்ன! எங்கள் கோல்கீப்பர் பந்தைப் பிடித்துவிட்டுத் திரும்பி ஒரு கை காட்டினார், பிளாக்கே கத்தியது. கல்யாண வீட்டில் முதல் பந்தி நிறைந்த மாதிரி எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில்தான் ஒரு முகத்தைக் கவனித்தேன். இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று இல்லை. ஓட்டை வழியாக அதுவே ஆர்டர் கொடுக்கும்: “ஆன்ட்டி, குடும்ப டிக்கெட் ஒண்ணு.” முதல் தடவை அதன் தலைக்கு மேலே காசு நீட்டிய கையில் வெள்ளி வாட்ச் இருந்தது. அடுத்த ஆட்டத்தில் நகக்கண்ணெல்லாம் எஞ்சின் எண்ணெய். அதற்கும் அடுத்த ஆட்டத்தில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் டிராகன் பச்சை குத்திய கை. முகம் மட்டும் அதே முகம்.

“பாப்பா, போன தடவை உன்கூட வந்தது யாரும்மா?”

“மாமா.”

“இது?”

“இதுவும் மாமா.”

நம் ஆட்களிடம் இதுதான் வம்பு. எந்த ஆம்பளையைக் காட்டினாலும் மாமா. சந்தேகப்படவும் வழியில்லை, என் பிள்ளைகளுக்கும்தான் கிள்ளான் முழுக்க மாமா.

விஷயத்தைப் போட்டு உடைத்தவர் வாசலுக்கு வெளியே கச்சாங் விற்கிற காதர் பாய். “கமலாம்மா, உங்க புது டிக்கெட்டு வந்ததுலேர்ந்து இந்தப் பக்கத்துப் பிளாட்டுப் புள்ளைங்களுக்கு என்னா கிராக்கி தெரியுமா? கல்யாணம் ஆவாத பயலுவ ரெண்டு ரெண்டு பேரா மோட்டர்ல வர்றானுவ. ஒரு புள்ளையைக் கூப்புட்டுக்கிறானுவ. நாலு பேரு டிக்கெட்டு, ரெண்டு பேரு டிக்கெட்டைவிட மலிவாமே! புள்ளைக்கு ஒரு ஐஸ் மைலோ கூலி.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விலை போட உட்கார்ந்த எங்களில் ஒருவருக்காவது, பிள்ளையில்லாதவன் பிள்ளையை இரவல் வாங்கிக்கொண்டு வருவான் என்று தோன்றியதா? சிரித்துக்கொண்டேதான் போய்ப் பெரியவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குரல் இறங்கிவிட்டது.

“இது சிரிக்கிற விஷயமில்லை, கமலா. ஆரோடையோ உள்ளுக்குப் போற பிள்ளை, ஆரோட வெளியில வரும்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 

“நான் கமிட்டியிட்ட சொல்லி இந்த டிக்கெட்டை நிப்பாட்டப் போறன்,” என்றார்.

“சார், சார்! அப்போ நிஜமாவே குடும்பத்தோட வர்றவங்க என்ன செய்வாங்க? மறுபடியும் வாசல்லேர்ந்து திரும்பிப் போவாங்களே!”

“விளங்குது. ஆனா ஒரு பிள்ளை துலைஞ்சா, பிறகு ஆயிரம் குடும்பம் வந்தும் என்ன?”

 இந்த ஒரு ஆட்டம் மட்டும் போகட்டும், பார்க்கலாம் என்று கெஞ்சினேன். 

அந்தச் சனிக்கிழமைச் சாயங்கால ஆட்டத்துக்கு அவரே குடும்ப வாசலில் ரஹ்மானுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அன்றைக்கு இரட்டைப் பின்னல் புதிதாக இரண்டு இளைஞர்களோடு வந்தது. அங்கே நடந்ததை ரஹ்மான் எங்களுக்கு எத்தனையோ தடவை நடித்துக் காட்டியிருக்கிறான்.

“உம்மட மகளின்ட பேர் என்ன?”

“பாப்பா, சார்.”

“அது வீட்டுப் பேர். பள்ளிக்கூடத்துப் பேர்?”

இளைஞன் குனிந்தான். பிள்ளை காதில் ஓதியது. “தர்ஷினி, சார்.”

“எத்தினையாம் வகுப்பு?”

முதுகுக்குப் பின்னால் பிள்ளை மூன்று விரலைக் காட்டியது. “மூணாவது, சார்,” என்றான் அந்தத் தகப்பன், மார்க் வாங்கிய சந்தோஷத்தில். பெரியவருக்கு எல்லாம் தெரிந்தது. ஆனாலும் டிக்கெட் சரியான டிக்கெட். குடும்பம் என்றால் யார் என்று நாங்கள் எங்கேயும் விதி எழுதி வைக்கவில்லை. விட்டுவிட்டார்.

பாதி ஆட்டத்துக்குள் எங்கள் அணி இரண்டு கோல் வாங்கிவிட்டது. நம் ரசிகர்களைப் பற்றித்தான் தெரியுமே, ஜெயித்தால் ‘எங்கள் அணி’, தோற்றால் ‘கார் பார்க் ஜாம் ஆகும், கிளம்பு.’ இடைவேளையில் அந்த இரண்டு இளைஞர்களும் வாசலைத் தாண்டி வந்தார்கள். பெரியவர் குறுக்கே போய் நின்றார்.

“பிள்ளை எங்க?”

“வர மாட்டேங்குது சார். மேட்ச் முடியலைன்னு அடம் பிடிக்குது. வீடு இங்கதான் சார், பக்கத்துப் பிளாட்டு. தானாப் போயிடும்.”

அதே நேரத்தில் என் கவுண்டர் ஓட்டையில் இரண்டு கைகள் வந்து விழுந்தன. சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த கைகள். எட்டிக் குனிந்து ஒரு முகமும் வந்தது. பெரியவர்கள் யாரும் அப்படிக் குனிந்து என்னைப் பார்த்ததில்லை.

“அக்கா, என் பிள்ளை உள்ள இருக்காம். கச்சாங் விக்கிற பாய் சொன்னாரு. யார்கூட போனான்னே தெரியல. அக்கா, எனக்கு ஒரு டிக்கெட் குடுங்க, சீக்கிரம் குடுங்க.”

கவுண்டரைச் சாத்திவிட்டு வெளியே ஓடினேன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டோபி கடையில் வேலை பார்க்கிற லெட்சுமி அவள். கடையில் போட்டிருந்த ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். வாசலில் ரஹ்மான் பழக்க தோஷத்தில் டிக்கெட்டுக்குக் கையை நீட்டினான். அவள் பர்ஸைத் திறக்கிறாள், ஜிப் மாட்டிக்கொண்டு வரவில்லை.

அவளை விடச் சொல்லிப் பெரியவர் ரஹ்மானிடம் மலாயில் சொன்னார். டிக்கெட் இல்லாமல் ஓர் ஆளை அவர் உள்ளே விட்டது அன்றைக்குத்தான்.

பிள்ளை காணவில்லை என்று மைக்கில் சொல்லிவிடலாம் என்று நான் ஓடப் பார்த்தேன். என்னைத் தடுத்துவிட்டார். “ஒரு பெண்பிள்ளை தனிய நிக்குது எண்டு ஊருக்கே சொல்லப் போறீரா? நல்லவனுக்கும் கேக்கும், கெட்டவனுக்கும் கேக்கும்.” வாக்கி-டாக்கியை எடுத்து ஒவ்வொரு வாசலுக்கும் நிதானமாகச் சொன்னார்: இரட்டைப் பின்னல், மஞ்சள் சட்டை, எட்டு ஒன்பது வயது. யாரோடு வந்தாலும் வெளியே விடாதே, பிடித்து வை, எனக்குச் சொல். பிறகு எங்களிடம், “நடவுங்கோ. ஓடாதேங்கோ. ஓடினா கண்ணுக்கு ஒண்டும் தெரியாது,” என்றார்.

இடைவேளை முடிந்து ஆட்டம் மறுபடி தொடங்கியிருந்தது. பிளாக்கின் மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு வரிசையாக இறங்கினோம். லெட்சுமி என் கையைப் பிடித்திருந்தாள், எலும்பு நொறுங்குகிற பிடி. “அம்மா தாயே, அம்மா தாயே,” என்று வாய் ஓயாமல் முணுமுணுத்தாள்.  இந்த டிக்கெட் வேண்டும் என்று வாரா வாரம் போய் நின்றவள் நான்தானே.

முதல் வரிசையில் ஒரு மலாய்க் குடும்பம். அந்த வீட்டு அம்மா, மக்சிக், தன் பிள்ளைகளுக்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு நடுவில், வாயெல்லாம் சம்பலோடு, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஒரு மஞ்சள் சட்டை.

“அண்ணே! இடது பக்கம் பாருங்க! இடது பக்கம்!” என்று கோல்கீப்பருக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தது.

லெட்சுமி கையை ஓங்கிக்கொண்டு போனாள். மக்சிக் எழுந்து குறுக்கே வந்து அவள் கையைப் பிடித்தார். பிள்ளை திரும்பிப் பார்த்தது. பயந்ததா? கிடையாது.

“அம்மா, மறைக்காதீங்க! கார்னர்!”

லெட்சுமி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள். அவள் அழ, நான் அழ, எங்கள் அணி அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கத்தில் ஒரு கோல் போட்டது. பிளாக்கே எழுந்து குதித்தது. பிள்ளை மடியிலிருந்து துள்ளி இறங்கிக் குதித்தது. லெட்சுமியும் எழுந்து, கண்ணைத் துடைக்காமலே கை தட்டினாள். பெரியவர் மட்டும் ஆட்டத்தைப் பார்க்காமல் பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார். முழுக்கைச் சட்டை முதுகில் ஒட்டும் அளவுக்கு அவருக்கு வேர்த்திருந்தது.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு வாசலில் வைத்து அவர் லெட்சுமியிடம் கேட்டார். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“பிள்ளை, மகளுக்கு இவ்வளவு ஆசை எண்டா நீரே கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே. அதுக்குத்தானே குடும்ப டிக்கெட்.”

லெட்சுமி ஏப்ரனால் மூக்கைத் துடைத்தாள். “வந்தேன் சார். முதல் மேட்சுக்கே வந்தேன். குடும்ப டிக்கெட்டுன்னா ரெண்டு பெரியவங்க வேணும்னாங்க. நான் ஒருத்திதான். இவ அப்பா எங்களை விட்டுட்டுப் போயி வருசமாச்சு. தனித்தனியா வாங்கினா, அந்தப் பயலுங்க குடுக்கிறதைவிட எங்களுக்குக் கூட வருது. அவனுங்களுக்கு ஒரு பிள்ளை இரவல் கிடைச்சிருச்சு, வந்துட்டானுங்க. எனக்கு யாரு சார் ஒரு புருசனை இரவல் குடுப்பா?”

ரஹ்மானுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். அவனே வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டான். பெரியவர் அவளையே பார்த்தார்.  பிறகு சிரித்தார் பாருங்கள், அந்த மனிதர் அப்படிச் சிரித்து நாங்கள் யாரும் கண்டதில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். லெட்சுமியும் சிரித்தாள், நானும் சிரித்தேன். எனக்கு உள்ளுக்குள் நறுக்கென்று தைத்தது. முதல் ஆட்டத்தில் அவளைத் திருப்பி அனுப்பிய கவுண்டர் என் கவுண்டராகக்கூட இருந்திருக்கலாம். கைதானே பார்த்திருப்பேன்.

சிரித்து முடித்து அவர் சொன்னார்: “கமலா, இவ வந்தது சரி. நாங்கள் எழுதின குடும்பம்தான் பிழை.”

அடுத்த வாரம் கமிட்டிக் கூட்டம். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் கிளப் தலைவரை அவர் வாங்கிய பட்டத்தை வைத்து டத்தோ என்போம்; கிள்ளானில் லோரிக் கம்பெனி வைத்திருந்தவர். ஸ்பான்சர்களின் விருந்தாளிகளை உட்கார வைக்க அந்தப் பிளாக்கின் மேல் அவருக்கு ஒரு கண். பெரியவர் எழுந்து, குடும்ப டிக்கெட்டை நிறுத்த வேண்டும் என்றார். டத்தோவுக்கு முகம் மலர்ந்தது.

“அதுக்குப் பதிலா,” என்று பெரியவர் தொடர்ந்தார். பெரியவர்களுக்கு விலைக்குறைப்பே வேண்டாம், எல்லோருக்கும் ஒரே விலை. குறைப்பதைப் பிள்ளைக்குக் குறைப்போம், பேருக்கு ஒரு காசு வாங்கினால் போதும். பிள்ளையை இரவல் வாங்கி வருகிறவனுக்கு அப்போது ஒரு சல்லி மிச்சமில்லை, அதனால் வாங்க மாட்டான். ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள் வரை.

“அதென்ன ரெண்டு?” என்றார் டத்தோ.

“ஒராளுக்குக் கை ரெண்டுதானே, டத்தோ. இடுப்பில இருக்கிற பிள்ளைக்கு டிக்கெட் இல்லை.”

உள்ளே போகும்போது கூட்டி வருகிறவர் கையிலும் பிள்ளை கையிலும் ஒரே எண் போட்ட காகிதப் பட்டை கட்ட வேண்டும். வெளியே வரும்போது இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் ரஹ்மான் வழிவிடுவான். அப்பாவா, அத்தையா, பக்கத்து வீட்டு ஆயாவா என்று யாரையும் கேட்க வேண்டாம். கூட்டி வந்தவர் கூட்டிப் போக வேண்டும், அவ்வளவுதான் விதி.

டத்தோ மோவாயைத் தடவினார். “ஒரு மேட்ச் போட்டுப் பாருங்க. நான் என் கண்ணால வந்து பாப்பேன். அந்த பிளாக்குல பெத்தவங்களும் பிள்ளைங்களுமா உக்காந்திருந்தா, வச்சுக்குங்க. வெறும் நாக்காலியா இருந்தா ஸ்பான்சருக்குக் குடுத்துருவேன். சரியா?”

வெளியே வந்ததும் யோசித்துப் பார்த்தேன். மலிவாகப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர்கள் இனி அந்தப் பக்கம் வர மாட்டார்கள். பிளாட்டுப் பிள்ளைகளோ காதர் பாய் வண்டி அருகே என்னைப் பிடித்துக்கொண்டு, “ஆன்ட்டி, இனி எங்களை யாருமே கூட்டிட்டுப் போக மாட்டாங்களாம்,” என்று மூக்கைச் சிந்தினார்கள். பிளாக்கை எதை வைத்து நிரப்புவது?

லெட்சுமியிடம் போய் நின்றேன். “ஏம்மா, எனக்கு ஆள் வேணும்.”

“எத்தனை அக்கா வேணும்?” என்றாள். அன்று சாயங்காலமே பிளாட்டில் மாடி மாடியாக ஏறிவிட்டாள். கணக்கு அவளே போட்டுக் கொடுத்தாள்: ஒருத்திக்கு இரண்டு பிள்ளை, ஒன்று சொந்தம், ஒன்று பக்கத்து வீடு. இந்த ஆட்டத்துக்கு நீ போ, அடுத்த ஆட்டத்துக்கு நான் போகிறேன். ஷிப்ட் வேலைக்காரிகளுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு.

ஆட்டத்தன்று கவுண்டர் ஓட்டையில் முகமாக வந்தது. ஒரு முகம் போனால் இரண்டு முகம். மேலே வளையல் கைகள், ஊசி குத்திய தையல்காரக் கைகள், வயசான ஒரு மலாய் பக்சிக்கின் நரம்பு ஓடிய கை. தர்ஷினி வந்து, “ஆன்ட்டி, ஒரு அம்மா, ரெண்டு பிள்ளை,” என்று ஆர்டர் கொடுத்தாள். நான் எழுந்து நின்று, குனிந்து, அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்து டிக்கெட் கொடுத்தேன். அன்றிலிருந்து ஓய்வு பெறுகிற வரைக்கும் குனிந்து முகம் பார்த்துத்தான் விற்றேன். முதுகு வலி வந்ததுதான் மிச்சம், ஆனால் போகட்டும்.

ஆட்டம் தொடங்கி, எங்கள் அணி ஒரு கோல் வாங்கிய பிறகுதான் டத்தோ வந்தார். அவர் எப்போதுமே அப்படித்தான்: தாமதமாக வருவார், நாலு பேருக்குக் கை காட்டுவார், பாதியில் காரில் ஏறிவிடுவார். அன்று தொப்பியும் ஜெர்சியுமாக, கூட்டாளிகள் யாரும் இல்லாமல், தனியாகக் குடும்பப் பிளாக்கில் இறங்கினார். நானும் பெரியவரும் மேல் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பிளாக் நிறைந்து வழிந்தது. முதல் வரிசையில் லெட்சுமிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு நாற்காலி. அதன் மேல் தர்ஷினி தன் பையை வைத்திருந்தாள்.

டத்தோ அங்கே போய் உட்காரப் பார்த்தார். லெட்சுமி கையை நீட்டி மறித்தாள்.

“அங்கிள், மன்னிச்சுக்குங்க. இது பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்றவங்க பக்கம். உங்ககூட பிள்ளை இருக்கா?”

 ஓடிப் போய்ச் சொல்லலாம் என்று காலை எடுத்தேன். பெரியவர் கையிலிருந்த குடையை என் முன்னால் நீட்டித் தடுத்தார். “பேசாம இரும்.”

டத்தோ அவளைப் பார்த்தார். சுற்றிப் பார்த்தார். எங்கு பார்த்தாலும் பிள்ளைகள். “இல்லையேம்மா,” என்றார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு, தாழ்ந்த குரலில், “உங்க பிள்ளைகள்ல ஒண்ணைக் கொஞ்ச நேரம் இரவல் தரீங்களா?” என்று கேட்டார்.

“இரவல் எல்லாம் நிறுத்தியாச்சு அங்கிள்.”

தர்ஷினி அந்தப் பெரிய மனிதரை மேலும் கீழும் பார்த்தாள். தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“உக்காருங்க தாத்தா. ஆனா தோத்தாலும் பாதியில எழுந்து போகக் கூடாது. சரியா?”

டத்தோ உட்கார்ந்தார். இடைவேளையில் அவருடைய டிரைவர் வந்து காதில் ஏதோ சொன்னான். அவர் தர்ஷினியைப் பார்த்தார், வேண்டாம் என்று தலையசைத்து அவனை அனுப்பிவிட்டார். அன்றைக்கு நாங்கள் மூன்று கோல் வாங்கித் தோற்றோம். கடைசி விசில் ஊதுகிற வரைக்கும் டத்தோ அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.